முளைகட்டின பயறும் மூணாவது சினை ஊசியும்

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல "சில செடிகள்லயும் பெண் ஹார்மோன் மாதிரி ஒரு சமாச்சாரம் இருக்கு, அதை இன்னொரு நாள் பேசலாம்"னு போறபோக்குல எழுதி வச்சேன். அவ்வளவுதான், கேள்வி குவிஞ்சிருச்சு. முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒண்ணேதான், அதை மாட்டுக்குக் குடுத்தா சினை பிடிக்குமா. அதனால இந்த தடவை கோழிக் காய்ச்சல், மடிநோய் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இதையே எடுத்துக்கிறேன்.

கேள்வி: கலப்பின ஜெர்சி, ரெண்டாவது ஈத்து. கன்னு போட்டு ஏழு மாசம் ஆச்சு, இன்னும் பருவத்துக்கே வரல. முளைகட்டின பச்சைப்பயறுல இயற்கை ஈஸ்ட்ரோஜன், அதாவது பெண் ஹார்மோன் இருக்கு, பதினஞ்சு நாள் குடுத்தா மாடு கத்திரும்னு ஒரு வீடியோவுல பார்த்தேன். தினம் எத்தனை கிலோ போடணும்? (வாசகர், வெள்ளகோவில்)

கிலோக் கணக்குல எல்லாம் போட்டுறாதீங்க தம்பி, வயிறு உப்பி வேற ஒரு பிரச்சனைக்கு டாக்டரைக் கூப்பிட வேண்டியதாயிடும்.

முதல்ல ஒரு கதை சொல்றேன். நான் கால்நடை டாக்டரா சர்வீஸ்ல இருந்தப்ப ஒரு தோட்டத்துக்குப் போனேன், உங்க மாடு மாதிரியே ஒண்ணு, கன்னு போட்டு எட்டு மாசம், "ஒரு நாள் கூட கத்தல சார்"னு சொல்றாரு. நாப்பது நாளா முளைகட்டின பயறு குடுத்துருக்காரு, அதுக்கு முன்னாடி வெந்தயம், அதுக்கும் முன்னாடி யாரோ சொன்னாங்கன்னு எள்ளுப் புண்ணாக்கு. மாட்டை சுவத்தைப் பார்த்த மாதிரி தனியா கட்டியிருந்தாங்க, பக்கத்துல வேற மாடே கிடையாது. நான் கையுறை போடறதுக்கு முன்னாடி வாலைத் தூக்கிப் பார்த்தேன், வால் முடியில நாலஞ்சு கொத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, கஞ்சி போட்ட துணி காய்ஞ்ச மாதிரி வெறச்சு பளபளன்னு இருக்கு, பருவத்துல வழிஞ்ச சளி காய்ஞ்ச அடையாளம். உள்ள கையை விட்டுப் பார்த்தா வலது பக்க சினைப்பையில நல்ல பெருசா கார்ப்பஸ் லூட்டியம், அதாவது முட்டை வெடிச்சு வெளிய போன இடத்துல வளர்ற மஞ்சள் கட்டி. இது இருந்தா என்ன அர்த்தம்னா அந்த மாடு ஒரு பத்து பன்னெண்டு நாளைக்கு முன்னாடி பருவத்துக்கு வந்து போயிருக்கு, யாரும் பார்க்கல, அவ்வளவுதான். இருபத்தோரு நாள் சுத்துல கணக்குப் போட்டு, இன்னும் எட்டுப் பத்து நாள்ல வரும், விடியக்காலை அஞ்சு மணிக்கு வந்து பாருங்கன்னு சொல்லிட்டு வந்தேன். ஒன்பதாவது நாள் வீட்டுக்கார அம்மாதான் பார்த்திருக்காங்க, கண்ணாடி மாதிரி சளி தொங்குதுன்னு போன் வந்துச்சு. சாயங்காலம் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டோம், சினை தங்கிருச்சு. அவரு என்கிட்ட கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கு, "அப்ப பயறு வேலை செய்யலையா சார்?" பயறு செய்யறதுக்கு அங்க வேலையே இல்லையேங்க, மாடு பாட்டுக்கு மாசாமாசம் அதோட வேலையைச் செஞ்சுகிட்டுதான இருந்துச்சு.

அதனால உங்க மாட்டை முதல்ல சினைப்பை சோதனை பண்ணச் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிரும். மஞ்சள் கட்டி இருந்தா அது நீங்க பார்க்காம விட்டது. ரெண்டு சினைப்பையும் மழமழன்னு சின்னதா இருந்தா அதுதான் நிஜமாவே பருவத்துக்கு வராத மாடு, அதுக்கு காரணம் பத்துல எட்டு தடவை தீவனத் தொட்டியில இருக்கும். கறவை மாடு கன்னு போட்ட புதுசுல திங்கறதைவிட கறக்கறது ஜாஸ்தி, உடம்புல இருக்கறதைக் கரைச்சுதான் பாலா ஊத்துது, அப்படி இடுப்பெலும்பு துருத்திட்டு நிக்கற மாடு "இப்ப இன்னொரு கன்னு நமக்குத் தாங்காது"ன்னு சினைப்பையை ஓய்வுல போட்டு வச்சிரும். வெறும் வைக்கோலும் தவிடும் போட்டுட்டு பன்னெண்டு லிட்டர் கறந்தா அது என்னதான் பண்ணும் சொல்லுங்க. பசுந்தீவனம், பாலுக்குத் தகுந்த கலப்புத் தீவனம், தினம் ஐம்பது கிராம் தாது உப்புக் கலவை, குடற்புழு மருந்து, இது நாலும் ஒழுங்கா இருக்கான்னு பாருங்க.

முளைப்பயறு ரெண்டு கைப்பிடி குடுக்கறதுல தப்பே இல்ல, நம்ம பாட்டிமார் குடுத்ததுதான், நல்ல சத்து. ஆனா அது "ஹார்மோன் ஊசிக்குப் பதில்"னு சொல்றாங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. ஒருவேளை வெளியில இருந்து போற ஈஸ்ட்ரோஜன் நிஜமாவே பலமா வேலை செஞ்சுதுன்னே வைங்க, மாடு கத்தும், அடுத்த மாட்டு மேல ஏறும், ஆனா சினைப்பையில முட்டை முதிர்ந்திருக்காது. அந்தக் காலத்துல செயற்கை ஈஸ்ட்ரோஜன் ஊசியையே போட்டுப் பார்த்தாங்க, அதுல கிடைச்சதும் இதுதான், வெறும் சத்தம், சினை இல்ல. அப்புறம் எப்படி வீடியோவுல "பதினஞ்சே நாள்ல" பலிக்குதுன்னா, கன்னு போட்டு நாலஞ்சு மாசம் ஆன மாடு இன்னிக்கோ நாளைக்கோ தானா வர்ற நேரம், அதுல நல்ல தீனியும் சேருது, அதைவிட முக்கியமா பயறு குடுக்கற பதினஞ்சு நாளும் நீங்க மாட்டையே உத்துப் பார்த்துட்டு இருக்கீங்க.

கேள்வி: செடிக்கு எதுக்கு சார் பெண் ஹார்மோன்? செடி என்ன கன்னா போடப் போகுது? (கல்லூரி மாணவி, நாமக்கல்)

நல்லா கேட்டம்மா. செடி அதைத் தனக்கு ஹார்மோனா வச்சுக்கல. பூஞ்சை, பூச்சி வராம தடுக்க, வேர்ல முடிச்சு போடற பாக்டீரியாவைக் கூப்பிட, இப்படி அதோட சொந்த வேலைக்குச் செய்யற ரசாயனம்தான். ஆனா அதோட உருவம் நம்ம உடம்புல இருக்கற ஈஸ்ட்ரடயால் உருவத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகுது. பூட்டு ஈஸ்ட்ரோஜனோடது, சாவி கொஞ்சம் கோணல், இருந்தாலும் உள்ள நுழைஞ்சு பாதி திருகிடும். அசல் ஹார்மோன் பலத்துல நூத்துல ஒரு பங்கோ ஆயிரத்துல ஒரு பங்கோதான் இதுக்கு, ஆனா கிராம் கணக்குல தினமும் தின்னா அதுவும் சேர்ந்து நிக்கும்ல. சோயாவுல இருக்கற ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன், குதிரைமசால்ல இருக்கற கூமெஸ்ட்ரால், குளோவர்ங்கற மேய்ச்சல் செடியில இருக்கற ஃபார்மோனோனெட்டின், இவங்கதான் இந்தக் குடும்பத்துல பெரிய ஆளுங்க. கவனிச்சியா, எல்லாமே பயறு வகைச் செடிங்க. சோளத்தட்டு, நேப்பியர் புல்லுல எல்லாம் இது பேச்சுக்குக் கூட இல்ல.

இது வெறும் புத்தக விஷயமா இல்லாம உலகத்துக்கே உறைச்சது ஆஸ்திரேலியாவுல. மேற்கு ஆஸ்திரேலியாவோட தென்மேற்கு மூலை, மண்ணு ரொம்ப ஏழை மண்ணு. அதுல சூப்பர் பாஸ்பேட்டைப் போட்டு சப்டெரேனியன் குளோவர்னு மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி ஒண்ணைப் பரப்பினாங்க. நம்ம நிலக்கடலை மாதிரி காயை மண்ணுக்குள்ள புதைச்சு வச்சுக்கற செடி, அதான் அந்தப் பேரு. மேய்ச்சல் பச்சைப்பசேல்னு ஆச்சு, செம்மறி கொழுத்துச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் 1940-கள்ல பார்த்தா ஆடுங்க சினையே பிடிக்க மாட்டேங்குது. பிடிச்சதுலயும் குட்டி சிக்கிக்கிட்டு தாய் சாவுது, கருப்பை வெளிய தள்ளுது. எல்லாத்தையும் விட வேடிக்கை, வேடிக்கைன்னு சொல்லக் கூடாது, காயடிச்ச கிடாக்களுக்கு மடிக்காம்பு நீண்டு பால் சுரந்துச்சு. காயடிச்ச கிடாவுக்குப் பால்! அதைப் பார்த்த பிறகுதான் இது நோய்க்கிருமி இல்ல, தீனியில ஏதோ பெண் ஹார்மோன் இருக்குன்னு பிடி கிடைச்சுது. பென்னட்ஸ், அண்டர்வுட், ஷியர்னு மூணு பேர் 1946-ல அதை எழுதி வெளியிட்டாங்க, குளோவர் நோய்னே பேர் நிலைச்சிருச்சு.

இதுல உனக்குப் பிடிக்கற இடம் ஒண்ணு இருக்கு. குளோவர்ல இருக்கற ஃபார்மோனோனெட்டின் தன்னளவுல கிட்டத்தட்ட சப்பை. அதைச் செம்மறியோட முதல் வயித்துல, ரூமன்ல, இருக்கற பாக்டீரியாதான் டெய்ட்ஸீனா மாத்தி, அப்புறம் ஈகுவால்னு ஒண்ணா மாத்துது, இந்த ஈகுவால்தான் ஆளைச் சாய்க்கிறது. அதே ரூமன் ஜெனிஸ்டீனை என்ன பண்ணுதுன்னா உடைச்சு ஒண்ணுத்துக்கும் உதவாத பொருளா ஆக்கிடுது. ஆக ஒரே வயிறு ஒண்ணை விஷமாக்குது, இன்னொண்ணை விஷம் இறக்குது. ஈகுவால்ங்கற பேரு எங்கிருந்து வந்துச்சுன்னா, 1932-ல சினைக் குதிரை மூத்திரத்துல இருந்து முதல்ல பிரிச்சு எடுத்தாங்க, குதிரைக்கு லத்தீன்ல ஈக்வஸ், அதான்.

ஒரு சீசன் தின்னா அது தற்காலிகம், மேய்ச்சலை மாத்தினா நாலஞ்சு வாரத்துல சரியாகிடும். வருஷக்கணக்கா தின்ன ஆட்டுக்கு கருப்பை வாயே மாறிப் போயிடுது, அந்த வாய்ல சுரக்கற சளி நீர்த்துப்போய் விந்தணுவைத் தேக்கி வச்சு மேல அனுப்ப முடியாது, அந்த ஆடு பார்க்க நல்லா இருக்கும், கிடாவோட சேரும், ஆனா மலடுதான், திரும்பாது. பின்னாடி ஃபார்மோனோனெட்டின் கம்மியா இருக்கற ரகங்களா தேர்ந்தெடுத்து விதைச்சு ஓரளவு சமாளிச்சாங்க.

செடி ஈஸ்ட்ரோஜனைப் பத்தி உலகத்துக்கு இருக்கற பெரிய சாட்சி இதுதான். அது சினை பிடிக்க வச்ச கதை இல்ல, சினையை நிறுத்தின கதை. ஒரு கணக்குல அது செடிக்கு லாபம்தான, தன்னை மேயறவன் வம்சம் பெருகலைன்னா அதுக்கு நல்லது. இது என் ஊகம், பரீட்சையில எழுதிறாத.

கேள்வி: அரை ஏக்கர்ல குதிரைமசால் போட்டிருக்கேன். ஐம்பது செம்மறி இருக்கு. உங்க பேச்சைக் கேட்டா அதை உழுது போட்டுறலாமான்னு பயமா இருக்கு. (வாசகர், உடுமலைப்பேட்டை)

ஐயோ உழுதுறாதீங்க, அதைவிட நல்ல தீவனம் நம்ம ஊர்ல என்ன இருக்கு. ஆஸ்திரேலியாவுல ஆடு காலையில இருந்து ராத்திரி வரைக்கும் குளோவர் மட்டுமே தின்னுச்சு, நம்ம ஊர்ல அப்படி யாரும் மேய்க்கறது இல்ல, கொளுக்கட்டைப்புல் காட்டுல மேய்ஞ்சுட்டு சாயங்காலம் ஒரு கட்டு மசால் போடறதுக்கும் அதுக்கும் ரொம்ப தூரம்.

ஆனா ஒரு நேரம் மட்டும் ஜாக்கிரதை. கிடா சேர்க்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வாரம் ஆட்டுக்கு நல்ல தீனி போட்டு தேத்துவோம்ல, அப்பதான் ரெட்டைக்குட்டி விழும்னு. அந்த நேரத்துல நிறைய பேர் மசாலையே வயிறு முட்டப் போடறாங்க. கூமெஸ்ட்ரால் தூக்கலா இருக்கற மசால் அப்ப போனா முட்டை வெடிக்கறது கம்மியாகும், ரெட்டைக்குட்டிக்கு ஆசைப்பட்டு ஒத்தைக்குட்டியும் சந்தேகமாயிடும். அந்த ரெண்டு மூணு வாரமும் கிடா கூட இருக்கற நாளும் சோளம், கம்பு, கடலைப் புண்ணாக்கு கலந்த அடர்தீவனம் தலைக்கு கால் கிலோ குடுங்க, மசாலைக் குறைச்சு புல்லைக் கூட்டிக்கோங்க, கிடா சேர்ந்து முடிஞ்சு சினை பிடிச்சப்புறம் மறுபடி மசாலுக்கு வாங்க.

இன்னொண்ணு, இலையைத் திருப்பிப் பாருங்க. புள்ளி புள்ளியா பழுப்பு விழுந்திருக்கா, அசுவினி அப்பியிருக்கா. ஆரோக்கியமான மசால்ல கூமெஸ்ட்ரால் ரொம்பக் கம்மி, இலைப்புள்ளி நோயோ அசுவினியோ வந்தா செடி தன்னைக் காப்பாத்திக்க அதை மளமளன்னு ஏத்திக்கும். அந்த அறுப்பை மாடு, வெள்ளாட்டுக்குப் போடுங்க, கிடா சேர்க்கப் போற பெட்டைக்குப் போடாதீங்க. மாடு செம்மறி அளவுக்கு இதுக்கு மடங்காது. அதுக்காக மாட்டுக்கு ஒண்ணுமே ஆகாதுன்னும் இல்ல, இஸ்ரேல்ல மசாலையே நம்பி வளர்த்த கறவை மாடுங்கள்ல சினைப்பையில நீர்க்கட்டி, தாறுமாறா பருவம்னு 1960 வாக்குலயே எழுதி வச்சிருக்காங்க.

கேள்வி: சதாவேரி வேர்ப்பொடி, வெந்தயம் ரெண்டும் குடுத்தா கர்ப்பப்பை பலமாகும்னு கடைக்காரர் சொல்றார். வாங்கலாமா? (வாசகி, மணப்பாறை)

வாங்கலாம்மா, ஆனா பாலுக்கு வாங்குங்க. சதாவேரிங்கற தண்ணீர்விட்டான் கிழங்கு பால் சுரப்புக்கு நம்ம சித்த வைத்தியத்துல காலங்காலமா இருக்கறது, பிள்ளை பெத்தவங்களுக்கும் குடுக்கறதுதான், மாட்டுலயும் அது ஓரளவு கேக்குது. வெந்தயமும் அதே ரகம். இதுல இருக்கறது சப்போனின்னு வேற ஒரு கூட்டம், மேல சொன்ன ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன் மாதிரி ஐசோஃபிளேவோன் கூட்டம் இல்ல. வெந்தயத்துல டயோஸ்ஜெனின் இருக்கு, அதுல இருந்துதான் ஹார்மோன் மாத்திரையே தயாரிக்கிறாங்கன்னு ஒரு பேச்சு ஓடுது பாருங்க, பாதி உண்மை. ஃபேக்டரியில ரசாயனம் போட்டு டயோஸ்ஜெனின்ல இருந்து புரோஜெஸ்டிரோன் எடுக்கலாம், முன்னாடி மெக்சிகோ காட்டுக் கிழங்குல இருந்து அப்படித்தான் எடுத்தாங்க. மாட்டு வயித்துக்குள்ள அந்த ஃபேக்டரி கிடையாது. கர்ப்பப்பை பலம்ங்கறது கடைக்காரர் கவிதை. அப்புறம் வெந்தயத்தை அள்ளிப் போட்டா பாலே வெந்தய வாசம் அடிக்கும், டிப்போவுல திருப்பி விட்டுருவாங்க.

கேள்வி: மாடு மாசாமாசம் கரெக்டா பருவத்துக்கு வருது, மூணு ஊசி போட்டாச்சு, தங்கல. முள்ளங்கி, பிரண்டைன்னு ஒரு வைத்தியம் இருக்காமே, அதுவும் இந்த செடி ஹார்மோன் தானா? (வாசகர், ஒரத்தநாடு)

உங்க மாவட்டத்துல பிறந்த வைத்தியத்தை என்கிட்ட கேக்கறீங்களே! தஞ்சாவூர்ல கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தோட மரபுசார் மூலிகை மையத்துல பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஒழுங்குபடுத்திக் குடுத்த முறை, பின்னாடி தேசிய பால்வள வாரியமும் எடுத்துட்டுப் போய் நாடு பூரா சொல்லித் தர்றாங்க.

மாடு பருவத்துக்கு வந்த முதல் நாளோ ரெண்டாவது நாளோ ஆரம்பிக்கணும். முதல்ல வெள்ளை முள்ளங்கி, தினம் ஒண்ணு, அஞ்சு நாள். அடுத்து சோத்துக்கற்றாழை தினம் ஒரு மடல், நாலு நாள். அப்புறம் முருங்கைக்கீரை நாலு கைப்பிடி, நாலு நாள். அப்புறம் பிரண்டை நாலு கைப்பிடி, நாலு நாள். கடைசியா கறிவேப்பிலை நாலு கைப்பிடி மஞ்சளோட, நாலு நாள். எல்லாமே பச்சையா, வெல்லம் உப்பு சேர்த்து வாய் வழியா. கூட்டிப் பாருங்க, இருபத்தோரு நாள், ஒரு சுத்து சரியா முடியும், அடுத்த பருவத்துக்கு ஊசி. அப்பவும் தங்கலைன்னா இன்னொரு தடவை செய்யலாம். பிரண்டையை அரைக்கும்போது கையில எண்ணெய் தடவிக்கோங்க, இல்ல ராத்திரி பூரா சொறிஞ்சுட்டு இருப்பீங்க.

இது செடி ஈஸ்ட்ரோஜனான்னா, இந்த அஞ்சுல ஒண்ணு கூட குளோவர், சோயா மாதிரி ஈஸ்ட்ரோஜனுக்குப் பேர் போன செடி இல்ல. முருங்கை, கறிவேப்பிலையில விட்டமினும் தாதுவும் கொட்டிக் கிடக்கு, அது வேலை செய்யற வழி அதுவாத்தான் இருக்கும்னு நான் நினைக்கிறேன். நான் பார்த்த அளவுல, பெரிய கோளாறு எதுவும் இல்லாம சும்மா நழுவிட்டே இருக்கற மாட்டுக்கு இது நல்லா கேக்குது. கருப்பையில சீழ் இருக்கற மாட்டுக்குக் குடுத்துட்டு ரெண்டு சுத்து காத்திருந்தா அது வெட்டி, தொங்கற சளி கண்ணாடி மாதிரி இல்லாம மோர் கலந்த மாதிரி கலங்கலா இருந்தா முதல்ல அதைப் பாருங்க.

அப்புறம் ஊசி போடற நேரம். இதுல மட்டும் எவ்வளவு சினை வீணாப் போகுதுன்னு நினைச்சா வயிறு எரியும். காலையில அறிகுறி தெரிஞ்சா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிஞ்சா மறுநாள் காலையில. கத்துன உடனே போனைப் போட்டு வண்டியில ஏத்தறதும் தப்பு, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விடறதும் தப்பு. நானே புதுசா வேலைக்குச் சேர்ந்தப்ப, கூப்பிட்டாங்களேன்னு ஓடிப்போய் காலையில எட்டு மணிக்கே போட்டுட்டு வந்த மாடுங்க உண்டு, மூணு வாரம் கழிச்சு அதே வீட்டுக்கு அதே மாட்டுக்குத் திரும்பப் போய் அந்த வீட்டுப் பெரியவர் முகத்தைப் பார்க்க முடியாம நின்னிருக்கேன்.

கேள்வி: வெண்பன்றிப் பண்ணை வச்சிருக்கேன். மூணு மாசப் பெட்டைக் குட்டிங்களுக்கு அறை (பிறப்புறுப்பு) செவந்து வீங்கியிருக்கு, பருவத்துக்கு வந்த மாதிரி. இந்த வயசுல எப்படி? தீவனத்துல சோயா அதிகமானதாலயா? (வாசகர், தருமபுரி)

சோயாவை விடுங்க, மக்காச்சோள மூட்டையைப் பிரிங்க. நான் பந்தயமே கட்டுவேன், மழையில நனைஞ்ச சோளமா இருக்கும், மூட்டையோட அடியில கை விட்டா சூடா இருக்கும், முத்துல செவப்பும் ரோஸுமா பூத்திருக்கும். ஃபியூசேரியம்னு ஒரு பூஞ்சை ஜியராலெனோன்னு ஒரு விஷத்தைச் சுரக்கும், அது செடியோடது இல்ல பூஞ்சையோடது, ஆனா பூட்டு சாவி கதை அதேதான், செடி ஈஸ்ட்ரோஜனைவிட இன்னும் பலமா திருகும். பன்றிதான் இதுக்கு ரொம்ப மெலிசு, கோழி அசையவே அசையாது. அதனால அந்தச் சோளத்தைக் கோழிப் பண்ணைக்காரர் "எனக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு உங்க தலையில கட்டியிருக்கலாம்.

இன்னைக்கே நிறுத்துங்க. வெயில்ல காய வச்சா பூஞ்சை சாகும், விஷம் சாகாது, அதனால காய வச்சுப் போடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. நிறுத்தினா ஒண்ணு ரெண்டு வாரத்துல வீக்கம் வடியும். சினைப் பன்றிங்களுக்கும் அதே சோளம் போயிருந்தா டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டிருங்க.

கேள்வி: மாடு தின்னற இந்த ஹார்மோன் பால்ல வருமா? வீட்டுல பொம்பளைப் பிள்ளை இருக்கு. (வாசகி, பொள்ளாச்சி)

வரும்மா. பின்லாந்து மாதிரி செங்குளோவர் சைலேஜ் (காத்துப் புகாம பதப்படுத்தின பசுந்தீவனம்) போடற நாடுகள்ல பால்ல ஈகுவால் இருக்கறதை அளந்தே பார்த்திருக்காங்க. ஆனா ரொம்ப சொற்பம், நீங்க ஒரு வேளை சோயா உருண்டைக் குழம்பு வச்சா அதுல இருந்து உள்ள போற ஐசோஃபிளேவோனுக்குப் பக்கத்துல கூட வராது. நம்ம ஊர் மாட்டுக்கு கோ-5 புல்லும் சோளத்தட்டும்தான் பாதி வயிறு, பிள்ளைக்கு பயப்படாம பால் குடுங்க.

கேள்வி: எருமைக்கு பருவ அறிகுறியே தெரியமாட்டேங்குது. அதுக்காவது செடி மருந்து எதாவது உண்டா? (வாசகர், செங்கம்)

எருமை ஊமைங்க, அதுக்கு மருந்து இல்ல. மாடு மாதிரி ஊரைக் கூட்டாது, ஒண்ணு மேல ஒண்ணு ஏறறதும் அபூர்வம், சளியும் தொங்காம படுக்கும்போது தரையில கொஞ்சம் வழியும், அதையும் அது மேலயே சாணி போட்டு மறைச்சிரும். அடிக்கடி துளித்துளியா மூத்திரம் விடறது, பால் திடீர்னு குறையறது, காம்பு கறக்காமலே வெறச்சு நிக்கறது, இதுதான் அறிகுறி. வெயில் காலத்துல பருவத்துக்கு வர்றது ரொம்பக் கம்மி, பொழுது குறைய ஆரம்பிச்சு ஐப்பசி கார்த்திகை வந்தாதான் நிறைய எருமை பருவத்துக்கு வரும், அதுவும் ராத்திரியில. கன்னு போட்டு ரெண்டு மாசம் தாண்டின எருமைன்னா இந்த ஐப்பசியில இருந்து ராத்திரி பத்து மணிக்கு ஒருக்கா, விடியக்காலை நாலரைக்கு ஒருக்கா டார்ச் எடுத்துட்டுப் போய் பின்னாடி தரையைப் பாருங்க. சாணி அள்ளறதுக்கு முன்னாடி போங்க, அள்ளிட்டா தடயம் போயிடும்.